வேகாத கறி, உடைகிற கோலா, கவிச்சி அடிக்கிற குழம்பு: பெங்களூர் அடுப்பில் ஆட்டுக்கறி

தூத்துக்குடியில் இருந்தவரை எனக்குக் கறி சொதப்பியதே இல்லை. அம்மா சமைத்தார், நான் சாப்பிட்டேன், அதனால். பெங்களூர் லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்த பிறகு அம்மா அரைத்துக் கொடுத்த அதே மசாலாத்தூளைப் போட்டு, அதே மண்சட்டியில் வைத்த முதல் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கறியை மெல்ல முடியவில்லை. தாடை வலித்ததுதான் மிச்சம். தூள் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக அரைத்தேன். அடுத்த வாரமும் அதே கதை. நம் ஆட்கள் எல்லாருமே முதலில் மசாலா மேல்தான் பழி போடுவோம். எனக்குப் புரிய இரண்டு மூன்று வருடம் ஆனது: கறிக் கோளாறில் பாதிக்கு மேல், கடையில் எந்த இடத்துக் கறியைக் கேட்டோம், அடுப்பில் எத்தனை நிமிடம் விட்டோம் என்ற இரண்டிலேயே முடிந்துவிடுகிறது.

உங்கள் சட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன் இந்த ஊர் சமாச்சாரம் இரண்டை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒன்று, பெங்களூரில் மட்டன் என்று கேட்டால் பல கடைகளில் வருவது செம்மறி. கன்னடத்தில் குரி என்றால் செம்மறி, மேகே என்றால் வெள்ளாடு. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் தமிழிலேயே கேட்கலாம், "பாய், இது குரியா மேகேயா?" என்றால் தூக்கிக் காட்டுவார். கண்ணாலும் கண்டுபிடிக்கலாம். தொங்கும் ஆட்டின் முதுகில் வெள்ளையாகக் கொழுப்பு போர்த்தியிருந்தால் செம்மறி. வெள்ளாட்டில் மேல்கொழுப்பு கொஞ்சம்தான். கறி இன்னும் அடர்சிவப்பாக இருக்கும், மேலே பிசுபிசுப்பில் ஒன்றிரண்டு முடி ஒட்டியிருக்கும். இங்கே பெயர் பெற்ற பன்னூர் ஆடும் செம்மறிதான். மண்டியா பக்கத்து இனம், குட்டைக் கால், அகலமான உடம்பு. ஆனால் போர்டில் பன்னூர் என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே தொங்குவது பன்னூர் ஆடு ஆகிவிடாது.

இரண்டு, ஊரின் உயரம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் மேலே இருக்கிறது. தூத்துக்குடியில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் திறந்த சட்டியில் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். என் மண்சட்டிக் குழம்பு பாழானதற்கு இது ஒரு காரணம். குக்கரில் இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை; உள்ளே 120 டிகிரியை ஒட்டிப் போகும், உயரத்தால் குறைவது இரண்டு டிகிரி போல.

மெல்லும்போது ரப்பர் போல இழுக்கிறது

ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு இரண்டு விரலால் பிய்த்துப் பாருங்கள். பிய்யாமல் இழுபடுகிறது, நடுவில் வெள்ளையாக ஜவ்வு தெரிகிறது என்றால் வேகவில்லை. தொட்டதுமே காய்ந்த நாராகப் பிரிந்தால் அது வேறு வியாதி, அடுத்த தலைப்பில் இருக்கிறது. இரண்டையுமே "கெட்டியா இருக்கு" என்றுதான் சொல்கிறோம். மருந்து நேர் எதிர் என்பதால் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

அந்த ஜவ்வு கொலாஜன். 70 டிகிரிக்கு மேல் போனால் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகும். குழம்பைத் தொட்ட விரல் ஒட்டுகிறதே, அது இதனால்தான். கரைய நேரம் வேண்டும். எனவே முதல் வைத்தியம், ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி மூடுவது. பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி மறுபடி கொதிவர நேரம் போகும், வேறு தீங்கில்லை.

விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஹாக்கின்ஸ் ஒரு தினுசில் விசில் அடிக்கும், பிரஸ்டீஜ் ஒரு தினுசில். ஒரே குக்கரே தண்ணீர் கூடக் குறைய இருந்தால் வேறு மாதிரி அடிக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளங்கறிக்கு 10 முதல் 12 நிமிடம், முற்றின ஆட்டுக்கு 20 முதல் 25. பிறகு ஆவி தானாக அடங்கட்டும். இளசா முற்றலா என்று கடையிலேயே விலா எலும்பைப் பார்த்தால் தெரியும்: இளசு என்றால் எலும்பு மெல்லிசாக, ரோஸ் நிறம் ஓடி இருக்கும். முற்றலில் வெளுத்துக் கெட்டியாக இருக்கும். மண்சட்டிதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றரை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அல்லது என்னைப் போல, குக்கரில் முக்கால்வாசி வேகவைத்து மண்சட்டியில் முடித்துவிட்டு, மண்சட்டிக் குழம்பு என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

நேரம் கொடுத்தும் இழுக்கிறதா? எப்போது வெட்டிய ஆடு என்று யோசியுங்கள். வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும், அது இளக ஒரு நாள் போல ஆகும். ஞாயிறு விடிகாலை வெட்டியதை எட்டு மணிக்கு வாங்கி ஒன்பது மணிக்கு அடுப்பில் ஏற்றினால் விறைப்போடு வேகிறது. "ஃபிரெஷ்" என்று நாம் பெருமைப்படுகிற கறியே இங்கே வில்லன். சனிக்கிழமை மாலை வாங்கி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைத்து ஞாயிறு சமைத்துப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும். வாங்கிய கையோடு ஃப்ரீசரில் மட்டும் திணிக்காதீர்கள். விறைப்பு போகுமுன் உறையவைத்த கறி இன்னும் சுருங்கிக்கொள்ளும்.

பப்பாளிக்காய் பற்றிக் கேட்பீர்கள். வேலை செய்யும். தோலோடு அரைத்த விழுது கிலோவுக்கு ஒரு டேபிள் ஸ்பூன், அரைமணி நேரம், போதும். அதில் இருக்கிற பப்பைன் மேல்பரப்பைத்தான் தின்னும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் வெளியே கூழ், உள்ளே அதே ரப்பர். குழம்புக்கு இது தேவையே இல்லை. தவாவில் சுடுகிற துண்டுகளுக்கும் சாப்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு முதலிலேயே போட்டால் கறி வேகாது என்று மாமியார் சொன்னால் தலையாட்டிவிட்டு முதலிலேயே போடுங்கள். கறிக்கு அந்தக் கணக்கு கிடையாது.

சுக்கா நார் நாராகப் போகிறது, பல்லிடுக்கில் மாட்டுகிறது

அநேகமாகத் தொடைக்கறி வாங்கியிருப்பீர்கள், அதுவும் "எலும்பு வேண்டாம், கொழுப்பு வேண்டாம், தனிக்கறியாப் போடுங்க" என்று கேட்டு. ஜவ்வும் கொழுப்பும் இல்லாத கறியை நீளமாக வேகவைத்தால் தசை சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். ஈரத்துக்கு ஈடு கொடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது. சுக்காவுக்கு முன்னங்கால் சப்பையும் கழுத்தும் கலந்து கேளுங்கள். கழுத்தை யாரும் கேட்பதில்லை, அதனால் கடைக்காரர் சந்தோஷமாகப் போடுவார். ஜவ்வு நிறைய இருப்பதால் கழுத்துக்கறி எவ்வளவு வெந்தாலும் ஈரமாகவே இருக்கும்.

செய்முறையிலும் ஒரு தப்பு நடக்கும். வேகவைத்த தண்ணீரை வடித்து வேறு எதற்கோ வைத்துவிட்டு, காய்ந்த கறியை மட்டும் எண்ணெயில் போட்டுப் பிரட்டுவோம். அந்தத் தண்ணீர்தான் சுக்கா. இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, கீறின சின்ன வெங்காயம் வதங்கியதும் கறியைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிடுங்கள். முதலில் பெரிய குமிழி வரும், சத்தம் களகளவென்று இருக்கும். பத்து நிமிடத்தில் குமிழி சின்னதாகி, சத்தம் சடசடவென்று மாறி, சட்டியோரத்தில் எண்ணெய் பிரியும். அப்போதுதான் மிளகுத்தூள். அதிலிருந்து மூன்று நிமிடம் பிரட்டி இறக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் விட்டால் மசாலா அடிப்பிடிக்கும், கறி மறுபடி காயும். சத்தத்தைக் கேட்டுச் சமைப்பது என்று என் அம்மா சொன்னதை நான் ரொம்ப நாள் சும்மா பேச்சு என்று நினைத்திருந்தேன்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? ஈரத்தைத் திரும்ப உள்ளே ஏற்ற முடியாது. குறுக்கே பொடிப்பொடியாக நறுக்கி, முட்டை ஊற்றிப் பரோட்டாவோடு கொத்திவிடுங்கள்.

கவிச்சி அடிக்கிறது

செம்மறி வீச்சம் முழுக்கக் கொழுப்பில் இருக்கிறது. ஆடுகளின் கொழுப்புக்கே உரிய சில கொழுப்பு அமிலங்களின் வாடை அது. வெள்ளாட்டிலும் உண்டு, காயடிக்காத கிடாவில் சொல்லவே வேண்டாம். கறியை ஏழு தண்ணீரில் கழுவி ஒன்றும் ஆகப்போவதில்லை. மேலே போர்த்தியிருக்கிற தடித்த கொழுப்பைக் கத்தியால் எடுத்துவிடுங்கள், தசைக்குள் ஓடுகிற மெல்லிய கொழுப்பை விட்டுவிடுங்கள். முழுவதையும் எடுத்தால் ருசியும் போய்விடும்.

அப்புறம் குக்கரை உடனே மூடாதீர்கள். மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு கறியைத் திறந்தே வதக்கினால் முதலில் தண்ணீர் விடும், சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். நுரையை எடுத்துவிட்டு, தண்ணீர் சுண்டும்வரை பத்து நிமிடம் வதக்குங்கள். வாடையில் நிறைய அந்த ஆவியோடு போய்விடும். இதைச் செய்யாமல் மூடினால் வாடை உள்ளேயே சுற்றும்.

இவ்வளவுக்குப் பிறகும் அடிக்கிறது என்றால், மூக்கை இன்னொரு முறை நம்புங்கள். புளித்த வாடையா, கறி விரலில் வழவழக்கிறதா, நிறம் பச்சையடிக்கிறதா? அது கவிச்சி இல்லை, கெட்ட கறி. மசாலா போட்டு மறைக்கப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள். ஒருமுறை வீட்டுக்கு வரவழைத்த பாக்கெட் கறியில் எனக்கு இது நடந்தது. காசு போகிறதே என்று பட்டை கிராம்பைக் கூடப் போட்டுச் சமைத்தேன். அந்த ராத்திரி பற்றி வேறு எதுவும் எழுத விரும்பவில்லை.

வாயின் மேல்கூரையில் மெழுகு போல ஒட்டுகிறது

டிசம்பர் ராத்திரியில் இது கட்டாயம் வரும். செம்மறிக் கொழுப்பு 45 டிகிரியை ஒட்டித்தான் உருகத் தொடங்கும். நம் வாயின் சூடு 37. தட்டில் குழம்பு ஆறிய நிமிடமே கொழுப்பு உறைந்து அண்ணத்தில் படிந்துவிடும். தூத்துக்குடி வெயிலில் இதை நான் பார்த்ததே கிடையாது. முதல் நாளே குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே வெள்ளைத் தகடாக நிற்கும், கரண்டியால் தூக்கிவிடலாம். அன்றே சாப்பிட வேண்டுமானால் கொதிக்கக் கொதிக்கப் பரிமாறுங்கள், கூடச் சூடான ரசம் இருக்கட்டும். எங்கள் கீழ்வீட்டு மண்டியா அக்கா செம்மறிச் சாறை ராகிக் களியோடுதான் தருவார். களி ரொம்ப நேரம் சூடு தாங்கும், அதனால் அந்தத் தட்டில் கொழுப்பு உறைய இடமே இல்லை.

குழம்பு தண்ணியாக நிற்கிறது, மசாலா கறிக்குள் ஏறவில்லை

இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும் புகார். தண்ணி என்றால் கறியை எடுத்து வைத்துவிட்டு குழம்பை மட்டும் திறந்து சுண்டவிடுங்கள். கறியோடு சேர்த்துச் சுண்டவிட்டால் கறி கரையும். தேங்காய், கசகசா, நாலு முந்திரி அரைத்து ஊற்றினால் வேலை சுலபம்.

மசாலா ஏறாததற்கு ஒரே பதில்: மசாலா ஏறவே ஏறாது. மிளகாய், தனியா, பட்டை எல்லாம் மேலே ஒட்டி நிற்கும் சமாச்சாரம். உள்ளே போகிறது உப்பு. அதனால் சமைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது உப்பு தடவி வையுங்கள். உப்பு உள்ளே இருந்தால் நாக்கு "மசாலா ஏறியிருக்கு" என்று ஒத்துக்கொள்ளும்.

உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, உப்புத் தண்ணீரையே குடிக்கிறது. மீதிக் குழம்பு அதே கரிப்போடுதான் இருக்கும். உப்பில்லாத தேங்காய் விழுதும் வெந்நீரும் சேர்த்து அளவைக் கூட்டுவதே வழி. கிழங்கு ருசிக்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

கசக்கிறது

மசாலா கருகியிருக்கிறது, அல்லது கிராம்பு அதிகம். கல்பாசியும் கொஞ்சம் கூட வறுபட்டால் கசக்கும். அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டாமல் மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். வறுத்த மசாலாவே கருகியிருந்தால் காப்பாற்ற முடியாது.

கோலா உருண்டை எண்ணெயில் பிரிந்து போகிறது

இதற்கு நான் பட்ட பாடு தனி. மூன்று தடவை வாணலி முழுக்கக் கறித்தூளாக மிதந்தது.

காரணம் ஈரம். கைமா வாங்கிக் கழுவினால் ஸ்பாஞ்சு போலத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். முழுத்துண்டாகக் கழுவித் துடைத்து, பிறகு கடையிலோ வீட்டிலோ கொத்த வேண்டும். கொத்துக்கறியை மஞ்சள், உப்பு, சோம்பு, இஞ்சி பூண்டோடு தண்ணீர் விடாமல் வதக்கி, ஈரம் முழுக்க வற்றியபின் நன்றாக ஆறவிடுங்கள். சூடாக மிக்ஸியில் போட்டால் ஆவி தண்ணீராகி விழுது இளகிவிடும். ஆறினதை மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி நாலைந்து சுற்று மட்டும் அரைத்து, கால் கிலோ கறிக்கு மூன்று டேபிள் ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு, தேங்காய்த் துருவல், பச்சை வெங்காயம் கொஞ்சம். வெங்காயத்தை அதிகம் போட்டாலும் உப்பு பட்டு நீர் விடும், கவனம்.

பிசைந்ததை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடிக்காமல் வட்டமாகத் தட்டையானால் சரி. வெடித்தால் ஒரு ஸ்பூன் முட்டை. கையில் ஒட்டினால் இன்னும் பொட்டுக்கடலை. பிறகு ஒரே ஒரு உருண்டையை மட்டும் எண்ணெயில் விடுங்கள். அது அடியில் போய் இரண்டு மூன்று நொடியில் மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதவில்லை, எண்ணெய் குடித்து உடையும். போட்டதும் கரண்டியால் கிளறுகிற கை அரிப்பு எனக்கும் உண்டு. மேல்தோல் கட்டுகிறவரை, ஒரு நிமிடம், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பிரியாணியில் அரிசி குழைந்துவிட்டது, கறி வேகவில்லை

இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்ததால் வந்தது. சீரகச் சம்பா 15 நிமிடத்தில் வெந்துவிடும், கறிக்கு அது போதுமா? கறி முக்கால் பங்குக்கு மேல் வெந்தபின்தான் அரிசி உள்ளே போக வேண்டும். அரிசி குழைவதற்குத் தனிக் காரணம், கறி விட்ட தண்ணீரையும் தயிரையும் தக்காளியையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வெந்த கறியின் நீரை வடித்து அளந்து, அதன்மேல் தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒன்றுக்கு ஒன்றரை வருகிறதா என்று பாருங்கள். 20 நிமிடம் ஊறவைத்த சீரகச் சம்பாவுக்கு இந்தக் கணக்கு. பெங்களூரில் மிலிட்டரி ஹோட்டல் என்கிற அசைவச் சாப்பாட்டுக் கடைகளில் இலைத் தொன்னையில் தருகிற பிரியாணிக்கும் இதே அரிசிதான். அது கொஞ்சம் குழைவாகவே இருக்கும், யாரும் குறை சொல்வதில்லை. எனவே லேசாகக் குழைந்தால் தொன்னை பிரியாணி என்று பெயர் வைத்துவிடுங்கள்.

ஃப்ரீசரில் இருந்த கறி தண்ணீராக விடுகிறது

காந்தி ஜயந்தி, மகாவீர் ஜயந்தி போன்ற நாட்களில் மாநகராட்சி உத்தரவால் கறிக்கடை மூடியிருக்கும், அதனால் முன்பே வாங்கி உறைய வைக்கிறோம். உறையும்போது ஐஸ் ஊசிகள் தசையைக் கிழிப்பதால் உருகும்போது நீர் வடியும். அந்தச் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, தசையின் மயோகுளோபின் கலந்த தண்ணீர். வெந்நீரில் போட்டு அவசரமாக உருக்காமல், முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். சுக்காவுக்கு இந்தக் கறி சுமார்தான், குழம்புக்குப் பழுதில்லை.

ஈரல் செருப்புத்தோல் ஆகிவிட்டது

கூட நேரம் விட்டீர்கள். கறி குழம்பில் வேகும்போதே ஈரலையும் போடுகிற பழக்கம்தான் காரணம். ஈரலில் கரைய வேண்டிய ஜவ்வு இல்லை. கடைசி ஏழு எட்டு நிமிடத்துக்குச் சேர்த்தால் போதும். நறுக்கினால் உள்ளே ரத்தம் கசியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாயா பிசுபிசுப்பே இல்லாமல் வெறும் தண்ணீர்

இதற்கு மட்டும் உங்கள் கடிகாரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஆட்டுக்கால் முழுக்கத் தோலும் நரம்பும்தான், குக்கரில் குறைந்த தீயில் ஒரு மணி நேரம், முற்றின ஆட்டுக்கு ஒன்றரை. உதட்டில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் மூடி மறுபடி ஏற்றுங்கள். பாயா அதிகம் வெந்து கெட்டுப்போனதாக நான் இதுவரை பார்த்ததில்லை. தேங்காய்ப்பாலைத் தீ அணைத்தபின் ஊற்றுங்கள், கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும். பொசுக்கின முடி வாடை வந்தால், கால்களை மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஒரு கொதி விட்டு அந்த முதல் தண்ணீரைக் கொட்டியபின் தொடங்கியிருக்க வேண்டும். இப்போதைக்குக் கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டு, ஆப்பத்தை எடுத்து வையுங்கள்.